தீர்ப்புக்குப் பிறகும் தீராத வழக்கு

(ஆரணியில் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரை)



இன்ஜினியருக்குச் சட்டம் எதுக்குன்னு கேட்பீர்கள். பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் சரிபார்ப்பு உண்டு. பல வேலைகளுக்கும் உண்டு. கல்லூரி வயதில் ஒரு மறியல், ஒரு கைகலப்பு, அதற்கு ஒரு எஃப்.ஐ.ஆர். போதும். பட்டுத் தறியில் உட்கார்ந்து பிள்ளையைப் படிக்கவைத்த தகப்பனாரின் கனவு அந்த ஒரு தாளில் மாட்டிக்கொள்ளும்.

"அதான் விடுதலை ஆயிடுச்சே, அப்புறம் என்ன?" என்பார்கள். தமிழகக் காவலர் தேர்வு விதி, 'சந்தேகத்தின் பலன்' பெற்று விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதியது. 2008-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் அதை ஏற்றது. இன்னொரு வழக்கில், மேல்முறையீட்டில் விடுதலையான ஒருவர், இணையத்தில் கிடக்கும் தீர்ப்பிலிருந்து தம் பெயரை நீக்கும்படி கேட்டார். 2021-ல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளையின் இரு நீதிபதிகள் அமர்வு அவர் பக்கம் நின்றது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

சிறுவர்களுக்கு வழி இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 24-ஆம் பிரிவில், மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் பதிவுகளை அழிக்கச் சொல்கிறது. கொடுங்குற்றத்துக்காகப் பெரியவரைப்போல் விசாரிக்கப்பட்ட, 16 வயது கடந்தவருக்கு மட்டும் விலக்கு. ஆனால் 19 வயதுப் பையனுக்கு? அவனுக்கென்று அப்படியொரு பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை.

இங்கிலாந்தில் 1974-லேயே சட்டம் வந்துவிட்டது. தண்டனைக்கேற்ற காலம் ஒழுங்காக இருந்தால், பழைய குற்றத்தைப் பெரும்பாலான வேலைகளுக்குச் சொல்லவேண்டியதில்லை. குழந்தைகளோடு பழகும் வேலை போன்றவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. நியாயமான ஏற்பாடு. விடுதலையானவரின் பதிவை உடனே மூடுவதும், சிறு குற்றங்களுக்குக் காலவரம்பு வைப்பதும் நமக்கும் வேண்டும். பாதிக்கப்பட்டவர் சொல்வதையும் கேட்டே அதைச் செய்யலாம்.

சட்டம் வரும்வரை, தம்பிகளே, விண்ணப்பத்தில் வழக்கை மறைக்காதீர்கள். உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும் என்று 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இளவயதில் நடந்த அற்பக் குற்றமானால், மறைத்ததைக்கூட வேலை தருபவர் மன்னிக்கலாம் என்றும் சொன்னது. அது அவர் மனசைப் பொறுத்தது. அதை நம்பி இறங்காதீர்கள்.

இங்கே வந்திருக்கும் பழைய மாணவர்களில் பலர் இன்று ஆள் எடுக்கும் நாற்காலியில் இருக்கிறீர்கள். வழக்கு இருந்தது என்று ஒரு பையன் உண்மையைச் சொன்னால், தாளை ஓரமாகத் தள்ளாமல் அவனைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அதற்குச் சட்டம் வரக் காத்திருக்க வேண்டாம்.