குழந்தையின் தட்டும் குடும்பத்தின் அடுப்பும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளும் எம்மைப் போன்றோர், கற்றோர் நிறைந்த இவ்வவையில் இலக்கியம் பேசுதல் பொருந்தாது. ஆகவே, சமையலைப் பற்றிப் பேச முற்பட்டோம். ஆயினும் இது சிறிய செய்தியன்று. எங்கள் இளைய மகளின் உடல்நலம் முழுவதும் இதில் அடங்கியிருந்தது.

இரண்டரை வயது வரை ஓடியாடித் திரிந்த குழந்தை, அதன்பின் வளர்ச்சி குன்றினாள். வயிறு உப்பிற்று, கைகால்கள் மெலிந்தன, வயிற்றுப்போக்கு விட்டுவிட்டு வந்தது. நான்கு வயதில் அவள் எடை 11 கிலோ. குருதியைச் சோதித்து, சிறுகுடலின் உட்புறத்தில் கடுகளவு சதையெடுத்து ஆராய்ந்த டாக்டர், இது சீலியாக் என்னும் நோய், கோதுமை இவளுக்கு ஆகாது என்று கூறினார்.

கோதுமையிலும் வாற்கோதுமையிலும் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. பிசைந்த மாவுக்கு இழுவைத் தன்மை தருவது அதுவே. இந்நோய் உடையோர்க்கு அப்புரதம் உட்சென்றால், உடலின் காப்புச் சக்தியே திரும்பிக் குடலைத் தாக்கும். உண்ட சத்து உடலில் ஒட்டாது. கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர் டிக்கே என்னும் டச்சுக் குழந்தை மருத்துவர். 1950ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் அதனை வெளியிட்டார். வட இந்தியாவில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. தென்னாட்டில் இது மிகக் குறைவு. ஆதலின் நம்மவர் பலர் பெயரே கேட்டதில்லை.

தாய்மார்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டுகிறோம். ஐயம் தோன்றியவுடன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடலாகாது. நிறுத்தியபின் சோதித்தால் நோய் புலப்படாமற் போகலாம். முதலில் சோதனை, பின்னரே பத்தியம். இதற்குத் தீர்வாக மருந்தொன்றும் இல்லை. வாழ்நாள் முழுதும் காக்கும் பத்தியமே மருந்து.

“அரிசி உண்ணும் நமக்கு இது பெரிய காரியமா?” என்று நண்பர் பலர் கேட்டனர். இட்லி, தோசை, இடியாப்பம், அடை, பொங்கல் ஆகிய அனைத்தும் இயல்பாகவே குளூட்டன் அற்றவை என்பது உண்மை. ஆனால் நம் அடுப்பங்கரையில் கோதுமை பல வேடங்களில் ஒளிந்திருக்கிறது. ரவை கோதுமையே, மைதா கோதுமையே, கடைச் சேமியாவும் பெரும்பாலும் அதுவே. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது வழக்கம். மால்ட் சேர்ந்த பானப்பொடிகளில் வாற்கோதுமை உண்டு. ஆகவே பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் பட்டியலைப் படிப்பது எங்கள் இல்லத்தில் நித்திய கடமையாயிற்று. ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால், ‘குளூட்டன் அற்றது’ என்று அச்சிட நம் நாட்டுச் சட்டம் இடந்தருவதில்லை.

இன்னொரு இடர், மாவு அரைக்கும் சக்கி. இந்த ஜபல்பூரில் விடியல் முதல் கோதுமை அரைபடும் கல்லில் நம் அரிசியைக் கொட்டினால், அரிசி மாவோடு கோதுமை மாவும் வரும். ஆதலின் அரிசியை ஊறவைத்து, உலர்த்தி, இல்லத்திலேயே அரைத்துச் சலிக்கிறோம். சப்பாத்திப் பலகையின் வெடிப்புகளில் மாவு தங்குமென்று டாக்டர் எச்சரித்தார். அப்பலகையை அண்டை வீட்டாருக்கு அளித்துவிட்டோம்.

இங்கேதான் குடும்பத்தில் ஒரு கேள்வி எழுந்தது. குழந்தைக்கு மட்டும் தனிச் சமையலா, அல்லது அடுப்பையே மாற்றுவதா? இரவுதோறும் எல்லோர் தட்டிலும் சப்பாத்தி இருக்க, தன் தட்டில் மட்டும் சோறு இருப்பது கண்டு, “நான் என்ன தப்புச் செய்தேன், பாட்டி?” என்று அவள் கேட்டாள். எங்கள் அன்னையார் சர்க்கரை நோயால் நெடுங்காலமாக இரவில் சப்பாத்தியே உண்டு வந்தவர். அவர் தட்டைத் தள்ளி வைத்து, “என் பேத்தி உண்ணாததை இந்த வீட்டில் நானும் உண்ணேன்” என்றார். அத்துடன் வாதம் முடிந்தது. அன்னையாரின் உடல்நிலைக்கேற்ற அளவை அவருடைய டாக்டரிடம் கேட்டறிந்து கொண்டோம்.

சப்பாத்திக்கு மாற்றாகச் சோள மாவை வெந்நீரில் பிசைந்து, கையால் தட்டிச் சுடுகிறோம். இவ்வட்டாரத்தில் கோதோ, குட்கி என்று வழங்கும் தானியங்கள் நம் ஊர் வரகும் சாமையுமே. அருகிலுள்ள மண்டலா, திண்டோரி மாவட்டங்களில் கோண்டு, பைகா மக்கள் அவற்றைப் பயிரிடுகின்றனர். பாட்டியர் காலத்தோடு போயிற்றென்று எண்ணிய தானியங்களை, ஊரைவிட்டு இத்துணைத் தொலைவில் சந்தையில் கண்டபோது அன்னையார் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. வேற்றுத் தானியம் கலவாதபடி பொறுக்கிக் கழுவி, சாமைப் பொங்கலும் வரகு உப்புமாவும் செய்கிறோம். பெருங்காயத்தின் இடத்தைச் சீரகமும் பூண்டும் நிரப்பிவிட்டன.

ஓராண்டு கடந்தது. இப்போது குழந்தையின் எடை 15 கிலோ. பள்ளி முற்றத்தில் மற்றப் பிள்ளைகளைத் துரத்தி ஓடுகிறாள்.

எனினும் இல்லத்திற்கு வெளியே அவள் இன்னும் விருந்தாளியாகவில்லை. பிறந்தநாள் விழாக்களிலும் நம் சங்கத்துப் பந்தியிலும் தன் சிறு டப்பாவைத் திறந்து தனியே உண்கிறாள். ஆகவே சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். ஆண்டு விழா விருந்தில் ரவா கேசரிக்குப் பதிலாகச் சர்க்கரைப் பொங்கல் வைக்கலாம். சாம்பாரையும் ரசத்தையும் கூட்டுப் பெருங்காயமின்றித் தாளிக்கலாம். பூரி பொரித்த எண்ணெயில் வடையைப் பொரிக்காதிருக்கலாம். பரிமாறும் கரண்டிகளைத் தனித்தனியே வைக்கலாம். இவற்றால் செலவு கூடாது, சுவையும் குன்றாது. பாத்திரங்களைக் கழுவி வைக்கும் பணியை எங்கள் குடும்பம் ஏற்றுக்கொள்ளும்.

அயலூரில் வாழும் நாம் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதற்காகவும் அன்றோ இச்சங்கத்தைக் காத்து வருகிறோம்? அடுத்த ஆண்டுப் பந்தியில் எங்கள் மகளுக்கும் ஓர் இலை போடுமாறு வேண்டுகிறோம்.