என்ன கருவாடு என்று கேளுங்கள்

(மாதர் பிரிவின் சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கே வரும் வழியில் ஓர் அக்கா என்னை நிறுத்திக் கேட்டார்: "தம்பி, கடல் மீனில் பாதரசம் இருக்காமே. மருமகள் மாசமா இருக்கு. கருவாடு ஆக்கிக் கொடுக்கிறதா, வேண்டாமா?" கொடுங்கள், ஆனால் எந்தக் கருவாடு என்று பார்த்துக் கொடுங்கள் என்றேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. மிச்சத்தை இங்கே சொல்கிறேன்.

ஜப்பானின் தெற்கே மினமாட்டா என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே சிஸ்ஸோ என்ற இரசாயனக் கம்பனி. வேலையும் கம்பனி, ஆஸ்பத்திரியும் கம்பனி; நமக்குப் பழகிய நிலைமைதான். 1932 முதல் அந்த ஆலை பாதரசம் கலந்த கழிவு நீரைக் கடலில் விட்டது. 1950களில் ஊர்ப் பூனைகள் ஆடி ஆடி விழுந்து செத்தன. பிறகு மீனவர் வீடுகளில் பிள்ளைகளுக்குக் கை நடுங்கியது, பேச்சுக் குழறியது, நடை தள்ளாடியது. 1956 மே 1ஆம் திகதி, நாமெல்லாம் மே தினம் கொண்டாடும் நாளில், கம்பனி ஆஸ்பத்திரியின் தலைமை வைத்தியர் ஹொசொகாவா இந்த நோயைச் சுகாதாரப் பணிமனைக்கு அறிவித்தார்.

1959இல் அதே வைத்தியர் ஆலைக் கழிவு நீரை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். அதற்கும் அதே நோய் வந்தது. கம்பனி சோதனையை நிறுத்தச் சொன்னது. முடிவு வெளியே வரவில்லை. கழிவு நீர் 1968 வரை ஓடியது.

தொழிற்சங்கம் எங்கே போனது என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கதையை எடுத்தேன். 1959இல் ஆலையை நிறுத்த வேண்டும் என்று மீனவர்கள் போராடியபோது, நிறுத்தக் கூடாது என்று ஆளுநரிடம் மனுக் கொடுத்தவர்களில் ஆலைத் தொழிலாளர் சங்கமும் இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் நமக்குத் தெரியாததல்ல. 1962இல் சம்பளப் பிரச்சினையில் வேலைநிறுத்தம் வந்தது, கம்பனி சங்கத்தை இரண்டாக உடைத்தது. அந்த அடி வாங்கிய பிறகுதான் மீனவர் பட்டபாடு அவர்களுக்கு விளங்கியது. 1968 ஓகஸ்டில் அந்தப் பழைய சங்கம் கூடி, இத்தனை வருடம் நோயாளிகளுக்காகப் போராடாமல் இருந்தது மனிதராகவும் தொழிலாளராகவும் தங்களுக்கு வெட்கம் என்று தீர்மானம் போட்டது. பின்பு நோயாளிகள் தொடுத்த வழக்கில் தொழிலாளர்களே கம்பனிக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள். 1973இல் நோயாளிகள் வென்றார்கள்.

அங்கே தாய்மார்களைச் சேர்ந்த கொடுமை ஒன்றும் உண்டு. அம்மாவுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிள்ளை மட்டும் ஊனத்தோடு பிறக்கும். தாயின் உடம்பிலிருந்து பாதரசம் நச்சுக்கொடி வழியாகக் கருவிலுள்ள பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்ததுதான் காரணம்.

நம் கடல் மினமாட்டா அல்ல, பயப்படாதீர்கள். ஆனால் எல்லாக் கடலிலும் கொஞ்சம் பாதரசம் உண்டு. சிறிய மீனில் அது சொற்பம். அதைத் தின்னும் பெரிய மீனில் கூடும். அதையும் தின்று பல வருடம் வாழும் சுறா, வாள்மீன் போன்றவற்றில் இன்னும் கூடும். ஐரோப்பாவில் வாள்மீனுக்கு ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அங்கே அனுப்பும் மீனைச் சோதிக்கிறார்கள். நம் டவுன் கடையில் தொங்கும் கருவாட்டை யார் சோதிக்கிறார்கள்?

மஞ்சள் போட்டுக் கழுவினால் போய்விடும் என்பார்கள். போகாது. புளி விட்டாலும் கொதிக்க வைத்தாலும் போகாது, அது மீனின் சதையிலேயே இருக்கிறது. காய வைத்தால் தண்ணீர்தான் வற்றும். அதனால் பச்சை மீனை விட அதே நிறைக் கருவாட்டில் பாதரசம் கூடுதலாகவே இருக்கும்.

அதற்காக மீனை விட்டுவிடாதீர்கள். கொழுந்து பறிக்கிற நம் பெண்களுக்கு இரத்தச்சோகை எவ்வளவு என்று மருத்துவிச்சியைக் கேளுங்கள். நெத்தலி, சாளை, சூடை தாராளமாகச் சாப்பிடலாம், மாசமா இருக்கிறவர்களும் பால் கொடுக்கிறவர்களும் சாப்பிடலாம். டின் மீன் என்றால் எஸ்.எல்.எஸ். முத்திரை பார்த்து, வீங்காத டின்னாக வாங்குங்கள். சுறாக் கருவாடும் வாள்மீனும் மட்டும் அவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், துண்டு போட்டு உப்பில் கிடக்கும் கருவாடு சுறாவா கட்டாவா என்று நமக்குத் தெரியாது. கடனுக்கு வாங்குகிறவள் கேட்கவும் கூச்சப்படுகிறாள். சம்பளத்தன்று கடைக்குப் போனால் சத்தமாகக் கேளுங்கள். பெயர் சொல்ல மறுக்கிற கடையைத் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். மீன் பெயரை எழுதி வைக்கச் சொல்லி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சங்கம் கடிதம் கொடுக்கும். கடிதம் எழுதியாயிற்று, மாதர் பிரிவின் கையெழுத்துத்தான் பாக்கி. தாள் பின் வரிசையில் இருக்கிறது.