ஈஸ்டர் சேதியை முதலில் சொன்னவர்கள்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



பொங்கலைப் பற்றி ஒரு அக்காவும் ரம்ஜானைப் பற்றி ஒரு அக்காவும் அழகா பேசினாங்க. என்னை ஈஸ்டரைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. எங்க கோயில்ல கேட்டதையும் மறைக்கல்வியில் படிச்சதையும் சொல்றேன்.

"கிறிஸ்துமஸ் மட்டும் டிசம்பர் 25-ன்னு சரியா வருது, ஈஸ்டர் ஏன் தேதி மாறுது?"ன்னு பக்கத்து வீட்டு அக்கா கேட்பாங்க. ஈஸ்டருக்கு நிலாக் கணக்கு. மார்ச் 21-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதனால் மார்ச் 22-லிருந்து ஏப்ரல் 25-க்குள் வரும். சில வருசம் பங்குனி உத்திரமும் ஈஸ்டரும் ஒரே வாரத்தில் வருவது இதனால்தான். எல்லா ஊரிலும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று 325-ஆம் ஆண்டு நிசேயா என்ற ஊரில் கூடிய ஆயர்கள் முடிவு செய்தார்கள்.

இதைப் பாஸ்கா என்றும் சொல்வோம். எகிப்தில் அடிமையாக இருந்த யூத மக்கள் விடுதலை அடைந்ததைக் கொண்டாடும் பண்டிகையின் பெயர் அது. அந்தப் பண்டிகை சமயத்தில்தான் இயேசுவை எருசலேமில் சிலுவையில் அறைந்தார்கள். மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பது எங்கள் நம்பிக்கை.

அதற்கு முன் நாற்பது நாள் தவக்காலம். போன வருசத்துக் குருத்தோலையை எரித்து, அந்தச் சாம்பலை நெற்றியில் பூசித் தொடங்குவோம். பிறகு குருத்தோலை ஞாயிறு. அன்றைக்குத் தென்னங்குருத்தில் சிலுவை முடைந்து வீட்டில் செருகி வைப்போம். பெரிய வியாழன் அன்று சாமியார் பன்னிரண்டு பேருக்குக் காலைக் கழுவுவார். பெரிய வெள்ளி சிலுவைப்பாதை. அன்று மணி அடிக்க மாட்டாங்க. சனி ராத்திரி விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, புது நெருப்பில் பாஸ்கா திரியை ஏற்றுவாங்க. அந்த ஒரு திரியிலிருந்து ஒவ்வொருத்தர் மெழுகுவர்த்தியும் பற்றிக்கொண்டே போகும்.

ஈஸ்டர் முட்டை என்று டிவியில் பார்த்திருப்பீங்க. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் தவக்காலம் முழுக்க முட்டையும் சாப்பிடக் கூடாது. கோழி நிறுத்துமா? சேர்ந்துபோன முட்டைக்குச் சாயம் பூசி ஈஸ்டருக்குக் கொடுத்தார்கள். எங்க வீட்டில் முட்டை நேரா குழம்புக்குத்தான் போகும்.

இப்போ நான் முக்கியமா சொல்ல வந்தது. ஈஸ்டர் சேதியை முதலில் சொன்னது பெண்கள். மகதலா மரியா, யோவன்னா, சூசன்னா என்ற பெண்கள் தங்கள் கைக்காசைப் போட்டு இயேசுவோடு போனவர்களுக்கு உதவி செய்தவர்கள் என்று லூக்கா எழுதியிருக்கிறார். மரியாவும் சில பெண்களும் ஞாயிறு விடியற்காலையில் உடலுக்குப் பூச நறுமணப் பொருள் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனார்கள். வாசலில் பெரிய கல். யார் புரட்டுவது என்று பேசிக்கொண்டே போனார்கள். ஆனால் திரும்பிப் போகவில்லை. கல்லறை காலியாக இருந்ததை ஓடி வந்து சொன்னபோது, ஏதோ பிதற்றுகிறார்கள் என்று சீடர்கள் நம்பவில்லை.

எங்க குழு முதல் கடனுக்குப் போனபோது, "வீட்டுக்காரர் யாரும் வரலையா?"ன்னு வங்கியில் கேட்டாங்க. சேமிப்பு நோட்டு, வருகைப் பதிவேடு, தீர்மானம் எல்லாம் எங்க கையில் இருந்தது. மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க. நாலாவது தடவைதான் நோட்டையே பிரிச்சுப் பார்த்தாங்க. அந்தக் கடனை ஒரு தவணை தவறாமல் கட்டினோம்.

நம்ம உத்திரமேரூர் குடவோலைக்குப் பேர் பெற்ற ஊர். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில், வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்கிறவர் பெயரைத்தான் ஓலையில் எழுதலாம் என்று இருக்கிறது. நிலமில்லாத வீட்டுப் பெண்ணுக்கு அங்கே ஏது ஓலை? எங்கள் சபையிலும் காலைக் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று போப் பிரான்சிஸ் விதியை மாற்றியது 2016-இல்தான். அதே வருசம்தான் மகதலா மரியாவின் நாளான ஜூலை 22-ஐ, அப்போஸ்தலர்களுக்கு உள்ளது போல் விழாவாக உயர்த்தினார்கள்.

இன்றைக்கு நம் பேச்சை வங்கியும் ஊராட்சியும் கேட்கின்றன. நம்ம பேச்சை நாம கேட்கிறோமா? கூட்டத்தில் கடைசியில் உட்கார்ந்திருக்கிற அக்கா, "கணக்கில் ஏதோ இடிக்குதே"ன்னு மெல்லச் சொன்னா, "உனக்கு என்ன தெரியும்?"னு நாமளே அடக்கிடுறோம். அது அந்தச் சீடர்கள் செஞ்சதுதானே?

அதனால ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்திலிருந்து ஒவ்வொரு குழுவிலும் பேசாத உறுப்பினரை முதலில் பேச விடுங்க. அவங்க சொன்னதைத் தீர்மான நோட்டில் எழுதிட்டுப் பிறகு மற்றதைப் பாருங்க. வர்ற ஈஸ்டருக்கு எல்லாரும் எங்க வீட்டுக்குச் சாப்பிட வரணும்.