அப்டேட் விண்டோஸுக்கு, நின்னது லினக்ஸ்

ஒரே லேப்டாப்ல விண்டோஸும் லினக்ஸும் வச்சிருக்கீங்களா? இன்னைக்கு எபிசோட் உங்களுக்குத்தான்.

2024 ஆகஸ்ட் 13. மைக்ரோசாஃப்ட் வழக்கமான மாதாந்திர அப்டேட்டை வெளியிட்டாங்க. அதுக்கப்புறம் பல டூயல் பூட் மெஷின்கள்ல விண்டோஸ் மட்டும் நல்லா ஓடுச்சு. லினக்ஸைத் தேர்ந்தெடுத்தா, 'ஏதோ பெரிய தப்பு நடந்திருக்கு'ங்கிற மாதிரி ஒரு எரர் வந்து அப்படியே நின்னுடுச்சு. உபுண்டு, டெபியன், மின்ட்னு பலரும் மாட்டினாங்க.

காரணம் என்ன? செக்யூர் பூட் ஆன்ல இருந்தா, மெஷின் கண்ட பூட்லோடரையும் ஓட விடாது. முதல்ல ஷிம்ங்கிற சின்ன புரோகிராமோட கையெழுத்தைப் பார்க்கும். ஷிம் அடுத்து கிரப்பைச் சரிபார்க்கும். இதுல ஓட்டை இருக்கிற பழைய பதிப்புகளைத் தடுக்கத்தான் எஸ்பேட். ஒவ்வொரு பூட்லோடருக்கும் ஒரு தலைமுறை எண் உண்டு. 'இதுக்குக் கீழ இருந்தா விடாதே'ங்கிற வரம்பு ஃபர்ம்வேர் மெமரியில இருக்கும். 2022ல வெளிவந்த ஒரு கிரப் ஓட்டைக்காக அந்த அப்டேட் இந்த வரம்பை உயர்த்திச்சு.

டூயல் பூட் மெஷின்ல இதைச் செய்யக் கூடாதுங்கிறதுதான் திட்டம். அதுக்காக லினக்ஸ் இருக்கான்னு அப்டேட் தேடிப் பார்த்துச்சு. ஆனா வழக்கத்துக்கு மாறா அமைச்ச சில டூயல் பூட்களை அதால கண்டுபிடிக்க முடியல. கண்ணுக்குப் படலைங்கிறதை 'இல்லவே இல்லை'ன்னு எடுத்துக்கிச்சு. கோளாறே அங்கதான்.

வரம்பு ஃபர்ம்வேர்ல எழுதப்பட்டதால, அப்டேட்டை நீக்கினா மட்டும் சரியாகாது. செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணி, லினக்ஸுக்குள்ள போய், மோக்யூட்டில் கருவியால எஸ்பேட் பாலிசியை அழிக்கணும். இன்னொரு தடவை லினக்ஸை பூட் பண்ணிட்டு, செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் பண்ணணும். பிட்லாக்கர் இருந்தா முதல்ல ரெக்கவரி கீயை எடுத்து வச்சுக்குங்க, இல்லைன்னா விண்டோஸும் கதவைச் சாத்திடும்.

மைக்ரோசாஃப்ட் முழுத் தீர்வு கொடுத்தது 2025 மே மாசம். கிட்டத்தட்ட 9 மாசம்!

அப்டேட் கருவி எல்லா மெஷினையும் பார்த்து எழுதினது இல்ல. பெரும்பாலான மெஷின்களை மனசுல வச்சு எழுதினது. உங்க செட்டப் அந்தக் கூட்டத்துல சேராதுன்னா, காவல் உங்க பொறுப்பு. லினக்ஸ்ல ஷிம், கிரப் அப்டேட்டுகளைத் தள்ளிப் போடாதீங்க. விண்டோஸ் அப்டேட் முடிஞ்சதும் லினக்ஸை ஒரு தடவை பூட் பண்ணிப் பாருங்க. ஆபீஸ் டெட்லைன் அன்னைக்குத் தெரியவர்றதை விட இது மேல்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.