ஏறி இறங்கும் எண்



மாணவரின் புத்தகப் பைகளிலிருந்து ஆசிரியர்கள் எடுத்துவைக்கும் பொருள்களுள் அண்மைக் காலத்தில் புதியதொன்று சேர்ந்துள்ளது. விரலளவு நீளமுடையது, பார்வைக்கு எழுதுகோல் போன்றது, பழ வாசனை வீசுவது. இதனை மின்சிகரெட் என்பர். பெரும்பாலும் நிக்கொற்றீன் கலந்த திரவத்தைச் சூடாக்கி, அதன் ஆவியை நுரையீரலுக்குள் அனுப்புவதே இதன் தொழில். அந்த ஆவியின் தீமைகளை மருத்துவர்கள் எடுத்துரைப்பார்கள். நான் இன்று பேச வந்தது அதனுள்ளே இருக்கும் மின்கலத்தைப் பற்றி.

தந்தையார் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். தம் மகனுடைய அறையில் இத்தகைய கருவியொன்று மின்னேறிக்கொண்டிருக்கக் கண்டாராம். அதன் சிறு திரையில் எண்பது என்ற எண் தெரிந்தது, சற்று நேரத்தில் எழுபத்துநான்கு, பின்பு எண்பத்துமூன்று. "மின்சாரம் ஏறும்பொழுது எண் இறங்குவானேன்? இது வெடிக்கப் போவதன் அறிகுறியோ?" என்பது அவர் கவலை. மகன் புகைக்கிறானே என்ற கவலையும் அதனுள் அடங்கியிருந்தது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. நானோ கலைப் பட்டதாரி. ஆகவே எமது விஞ்ஞான ஆசிரியரையும் சில நூல்களையும் துணைக்கொண்டு விடை தேடினேன்.

முதலில் அறியவேண்டியது, அந்த எண் அளந்து பெற்றதன்று, ஊகித்துப் பெற்றது என்பதாகும். எண்ணெய்ப் பீப்பாவுக்குள் கோலை விட்டுப் பார்ப்பதுபோல மின்கலத்துக்குள் பார்க்க இயலாது. மோட்டார் வண்டியின் பழைய ஈய மின்கலத்திலாவது அமிலத்தின் அடர்த்தியைக் கண்ணாடிக் குழாயில் மிதவையிட்டு அறியலாம். 1991 ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த இலிதியம் அயன் மின்கலமோ முற்றாக மூடப்பட்டது. அதனை உருவாக்க வழிவகுத்த குட்இனஃப், விற்றிங்காம், யொஷினோ என்னும் மூவரும் 2019 இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு பெற்றனர். அத்துணை நுட்பமான கலத்தின் நிறைவை இச்சிறு கருவி எங்ஙனம் அறிகிறது? பெரும்பாலும் மின்னழுத்தம் ஒன்றை மட்டும் பார்த்தே அறிகிறது. நிறைந்த கலம் ஏறத்தாழ 4.2 உவோற்று காட்டும்; வெறுமையானது 3 உவோற்றளவில் நிற்கும். இடைப்பட்ட பெரும் பகுதி 3.6க்கும் 3.9க்கும் இடையே நெருங்கிக் கிடக்கிறது. அங்கே பத்திலொரு பங்கு உவோற்று கூடிக் குறைந்தாலும் நூற்றுக்கு இருபதளவு கணக்கு மாறிவிடும்.

இனி, அந்த அழுத்தம் ஏன் நிலையாக நிற்பதில்லை? தோட்டம் செய்வோருக்கு இதனை விளக்குவது எளிது. பாத்தியில் நீர் பாய்ச்சும்போது மேலே நீர் தேங்கி நிற்கிறது. மண் முழுவதும் நனைந்துவிட்டது போலத் தோன்றும். வாய்க்காலை மறித்துவிட்டுச் சற்றே பொறுத்துப் பாருங்கள்; தேங்கியது உள்ளே சுவறி, மட்டம் தாழ்ந்துவிடும். கிணற்றிலோ இதற்கு மறுதலை. இறைக்கும்போது நீர் கீழே போகிறது. துலாவை நிறுத்தினால் ஊற்றுச் சுரந்து மட்டம் உயர்கிறது. மின்கலத்திலும் அவ்வாறே. மின்னேற்றும்போது இலிதியம் அயன்கள் காரீயப் படைகளுக்குள் மெல்ல மெல்லவே புகுகின்றன. அது வரையில் அழுத்தம் உண்மைக்கு மேலாக நிற்கும். இதனோடு கலத்தின் அகத்தடையும் சேர்கிறது. அகத்தடை 0.1 ஓம் எனவும் ஏறும் ஓட்டம் ஓர் அம்பியர் எனவும் கொள்வோமாயின், 0.1 உவோற்று வீணே கூடித் தெரியும். மேலே சொன்ன நூற்றுக்கு இருபது அதுவே.

ஆகவே ஏறும் ஓட்டம் தளரும்போதெல்லாம் எண்ணும் இறங்கும். வடத்தின் முனை தளர்ந்திருக்கலாம். துளையில் தூசி அடைந்திருக்கலாம். கலம் சூடேறியதால் உள்ளிருக்கும் காவற் சுற்று ஓட்டத்தைக் குறைத்திருக்கலாம். மின்னேறும்போதே ஒருவர் அதனை இழுத்துப் புகைத்தால் சூடாக்கும் சுருள் மூன்று அம்பியர் வரையில் வாங்கிவிடும். எண் அக்கணமே சரிந்து பின்னர் எழும். (அந்த இளைஞன் இரவில் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதை எண்ணே சொல்லிவிட்டது போலும்!) நிறைந்த பின்னருங்கூட, மின்னேற்றம் நின்றதும் அழுத்தம் சற்றுத் தணியும், வேண்டிய அளவு தணிந்தால் மீண்டும் ஏற்றம் தொடங்கும். கைப்பேசியில் இந்த ஆட்டம் இவ்வளவு தெரிவதில்லை. உட்புகும் மின்னையும் வெளியேறும் மின்னையும் அது கூட்டிக் கழித்துக் கணக்கு வைத்திருப்பதே காரணம். மலிவான கருவியில் அந்தக் கணக்கப்பிள்ளை இல்லை.

சிறு ஆட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை என்றே அத்தந்தையாருக்குச் சொன்னேன். உண்மையான நிலையை அறிய விரும்பினால் வடத்தைக் கழற்றி அரை மணி நேரம் ஓயவிட்டுப் பார்க்கலாம். ஆனால் எண்பதில் நின்றது ஒரே இழுப்பில் முப்பதுக்கு விழுமாயின், கலம் முதுமை எய்தி அதன் அகத்தடை பெருகிவிட்டது என்று கொள்ளலாம். எண்ணைக் காட்டிலும் கையே நல்ல சாட்சி. தொடமுடியாத சூடு, உப்பல், இனிப்பு கலந்த இரசாயன நெடி, சீறும் ஒலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அதனை மீண்டும் மின்னேற்றலாகாது. இலிதியம் கலம் தீப்பற்றினால் தன் வெப்பத்தாலேயே மேலும் எரியும். ஆதலின் தலையணைக்கடியிலோ மெத்தையிலோ வைத்து மின்னேற்றுதல், நல்ல கலமாயினும் தகாது.

பழுதான கலத்தை வீட்டுக் குப்பையோடு எறிவதும் ஆபத்தானது. பிரித்தானியாவில் இவ்வாறு எறியப்பட்ட கலங்கள் குப்பை வண்டிகளில் நசுங்கித் தீ மூட்டியதுண்டு. ஒருமுறை பாவித்து எறியும் மின்சிகரெட்டுகளின் விற்பனை அங்கே 2025 ஜூன் 1 ஆம் திகதி முதல் தடைசெய்யப்பட்டது. அத்தந்தையார் கேட்ட கருவியின் கலம் சற்றே உப்பியிருந்தது. அதனை மணல் நிரப்பிய தகரப் பேணியொன்றில் இட்டு, வீட்டுக்கு வெளியே வைக்கச் சொன்னேன். மகனோடு பேசுவதை அவர் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிச் சென்றார்.