ஊரைக் கேளாது ஊரை இணைப்பதா?

(பேலியகொடைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



களனி கங்கையின் அக்கரையில் கொழும்பு மாநகர சபை. இக்கரையில் உங்கள் பேலியகொடை நகர சபை. வடிகான் அடைபட்டால் யாரிடம் முறையிடுவது என்பதை நீங்கள் அறிவீர்கள். சிறிய சபையின் சிறப்பு அதுவே.

1981இல் இந்நாட்டின் 549 கிராம சபைகளும் 83 பட்டின சபைகளும் ஒருசேர ஒழிக்கப்பட்டன. 1988இல் இயங்கத் தொடங்கிய பிரதேச சபைகள் பரப்பில் பெரியவை. மக்களின் வாசலுக்கோ தூரமானவை. கல்முனையைப் பாருங்கள்! சாய்ந்தமருது மக்களின் கரைவாகு தெற்குக் கிராம சபை அவ்விணைப்பிலே மறைந்தது. தமக்கெனத் தனிச் சபை வேண்டி அவர்கள் பல்லாண்டு போராடினர். 2020 பெப்ரவரியில் நகர சபைக்கான வர்த்தமானி வந்தது. சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது.

பிரான்சு நாட்டில் ஏறத்தாழ 35,000 ஊர்ச் சபைகள் உள. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை மேலிருந்து இணைக்க முயன்று பெரிதும் தோற்றது. 2010ஆம் ஆண்டுச் சட்டமோ சபைகளின் சம்மதத்தை நாடியது. பழைய ஊர்களுக்குத் துணை மேயரையும் கிளை அலுவலகத்தையும் விட்டுவைத்தது. 2,000க்கு மேற்பட்ட ஊர்கள் அவ்வழியே இணைந்தன.

சிறிய சபைக்கு வருவாய் போதாது என்பர். மறுக்கவில்லை. இணைப்பையன்று, கேளாத இணைப்பையே நாம் எதிர்க்கிறோம். ஒரு பேர்ச் காணியைக் கைமாற்றவும் உரியவரின் கையொப்பம் வேண்டும் என்கிறது சட்டம். ஓர் ஊரையே கைமாற்ற ஊராரின் வாக்கு வேண்டாமா? அவ்வுரிமை சட்டமாகும்வரை நாம் ஓயோம்.