மாணவர் தியானம்

கத்தோலிக்கக் கல்லூரிகளில் மாணவர்களுக்குத் தியானம் வைப்பது பழைய வழக்கம். இரண்டு நாளோ மூன்று நாளோ வகுப்பு இருக்காது. வெளியூரிலிருந்து ஒரு சாமியார் வந்து பிரசங்கம் செய்வார். பாவசங்கீர்த்தனம், ஆராதனை, திருப்பலி என்று நாள் நகரும். அந்த வழக்கத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று இன்று பார்க்கலாம்.

அதைத் தேடினால், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரிடம் போய்ச் சேருவோம். 1521-இல் பம்ப்லோனாப் போரில் பீரங்கிக் குண்டு பட்டு அவருக்குக் கால் முறிந்தது. படுத்த படுக்கையில் அவர் தன் எண்ணங்களையே கவனித்தார். போர்ப்புகழைப் பற்றிய கனவு இனித்தது. கலைந்ததும் வெறுமை மிஞ்சியது. புனிதர்களைப் போல வாழும் ஆசையோ, வந்து போன பிறகும் மகிழ்ச்சியை விட்டுச் சென்றது. மறு ஆண்டு மன்ரேசாவில் அவர் எழுதத் தொடங்கிய குறிப்புகளே ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ என்ற சிறு நூலாயின. 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் தந்தார்.

அந்தப் பயிற்சி பெரிதாக விளைந்த இடம் மாணவர் விடுதி என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. முப்பது வயது கடந்து பார்சலோனாவில் சிறுவர்களோடு உட்கார்ந்து லத்தீன் படித்தவர் இஞ்ஞாசியார். பிறகு பாரிசில் சாந்த் பார்ப் கல்லூரியில் பீட்டர் ஃபேபர், பிரான்சிஸ் சவேரியார் இருவரோடும் ஒரே அறையில் தங்கினார். 1529-இல் அவரிடம் பயிற்சி பெற்ற மூன்று மாணவர்கள் தம் உடைமைகளை எல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பிச்சை எடுக்கப் புறப்பட்டார்கள். பல்கலைக்கழகமே கொந்தளித்தது. ஃபேபர் விஷயத்தில் இஞ்ஞாசியார் அவசரப்படவில்லை. மனச்சஞ்சலத்தில் வாடிய அந்த இளைஞரை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் காக்க வைத்தார். அதுவரை அன்றாட ஆன்ம சோதனையும் வாராந்தரப் பாவசங்கீர்த்தனமும் போதும் என்றார். 1534-இல்தான் ஃபேபர் முழுப் பயிற்சியில் இறங்கினார். சவேரியாரும் அதே ஆண்டில். எட்டு ஆண்டுகள் கழித்து முத்துக்குளித்துறைக் கரையில் வந்து இறங்கியவர் அந்தச் சவேரியார்தான்.

நூலின் தொடக்கக் குறிப்புகளைப் படித்தால் வியப்பாக இருக்கும். பாதிக்கு மேல் அவை தியானம் கொடுப்பவரின் கையைக் கட்டிப்போடும் விதிகள். சுருக்கமாகப் பேசு, மீதியைத் தியானம் செய்பவரே கண்டு சுவைக்கட்டும். எந்த வாழ்க்கை நிலையின் பக்கமும் அவரைச் சாய்க்காதே, படைத்தவரே அவரிடம் நேரடியாகப் பேசட்டும். உற்சாகத்தில் அவசரமாக வாக்குறுதி கொடுக்க வந்தால் தடுத்து எச்சரி. உள்ளம் வறண்டு கிடக்கும் நேரத்தில் அவரிடம் கடுமை காட்டாதே, மென்மையாக ஊக்கப்படுத்து. பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளையின் மனத்தை அறிந்தவரால்தான் இப்படி எழுத முடியும்.

இந்த அளவுகோலால் பார்த்தால் இன்றைய கல்லூரித் தியானங்கள் பலவற்றில் எனக்கு மனக்குறை உண்டு. இருநூறு பேர் ஒரே அரங்கில், காலை முதல் மாலை வரை ஒலிபெருக்கி. அழ வைக்கும் சாட்சியம், கை தட்டும் பாட்டு. கடைசி மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று வாக்குறுதி. எந்த அவசரத்தைத் தடுக்க இஞ்ஞாசியார் சொன்னாரோ, அதையே நாம் தூண்டிவிடுகிறோம். வருகைப் பதிவேட்டுக்காக வந்து உட்கார்ந்த பிள்ளைக்குத் தன்னோடு தனியாக இருக்க அரைமணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. காதல், கடன், அப்பாவின் குடி, அரியர் பாடம் என்று அவன் சுமந்து வந்ததைக் கேட்க ஓர் ஆளும் இல்லை.

நல்ல பிரசங்கத்தை நான் வேண்டாமென்று சொல்லவில்லை. கூட்டமாகப் பாடிச் செபிப்பதில் ஒரு தெம்பு இருக்கிறது. விடுதியில் தனித்துக் கிடக்கும் பிள்ளைக்கு அது பெரிய ஆதரவு. ஆனால் பேச்சு முடிந்ததும் மௌனம் வேண்டும். ஒரு மணி நேரச் செபத்துக்குப் பிறகு கால்மணி நேரம் உட்கார்ந்து, உள்ளே என்ன நடந்தது என்று திரும்பிப் பார்க்கச் சொல்கிறது நூல். அந்தக் கால்மணி நேரத்தைத்தான் நம் நிகழ்ச்சிநிரல் முதலில் வெட்டுகிறது.

வேலையை விட்டு விலக முடியாதவர்களுக்கும் இஞ்ஞாசியார் வழி சொல்லியிருக்கிறார். பத்தொன்பதாம் குறிப்பின்படி, வீட்டிலிருந்தபடியே நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிப் பல வாரங்களில் பயிற்சியை முடிக்கலாம். தேர்வும் பகுதிநேர வேலையுமாக ஓடும் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. கல்லூரிகள் முதலில் விரும்பி வருகிற பத்துப் பேரோடு தொடங்கட்டும். வாரம் ஒருமுறை ஒவ்வொருவரையும் தனியே சந்தித்துக் காது கொடுக்க, பயிற்சி பெற்ற குருக்களும் கன்னியரும் பொதுநிலையினரும் முன்வரட்டும். அவர்களுக்குக் கல்லூரி ஓர் அமைதியான அறையும் நேரமும் ஒதுக்கித் தரட்டும்.